வத்தலக்குண்டுக் குளிர்

இல்லை, நீங்கள் கேள்விப்பட்டது தப்பு. அந்த ஐஸ் மீனுக்காக வரவில்லை. மீன்வண்டியில் ஏறி வந்தது, அவ்வளவுதான். வந்தது பேரி மரத்துக்காக. யோசனை என்னுடையது, அதனால் நான் சொல்வதையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

போன டிசம்பரில், அதாவது எண்பத்தேழு டிசம்பரில், கொடைக்கானலில் குளிர் இல்லை. குறைவு என்று சொல்லவில்லை, இல்லை என்கிறேன். ஏரிக்கரைப் புல்லில் விடிகாலையில் உப்புத் தூவினது போல உறைபனி கிடக்கும் அல்லவா, அதைப் பார்ப்பதற்கென்றே மதுரையிலிருந்து வந்தவர்கள் வெறும் புல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் அட்டுவம்பட்டியில் கொசு வந்தது. அது கொசுதானா என்று தெருவில் பாதிப் பேருக்குச் சந்தேகம். பிடித்து டம்ளரில் மூடி வைத்து, கீழ்நாட்டில் இருந்துவிட்டு வந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டி உறுதி செய்துகொண்டோம். பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீது பாய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தக் காற்றில் கம்பளி ஸ்வெட்டர்கள் எல்லாம் கையை ஆட்டி, வருகிறவர்களைப் போ போ என்றன. கிறிஸ்துமஸ் குடிலின் கூரையில் பனிக்குப் பதிலாகப் பஞ்சு வைப்போம். அந்த வருஷம் பஞ்சைப் பார்த்தாலே வேர்த்தது.

நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிற வேலையில் இருக்கிறேன். அங்கே வந்த வெளிநாட்டு இதழ் ஒன்றில், பூமி மொத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுகிறது என்று ஒரு கோட்டுப்படம் போட்டிருந்தார்கள். கோடு மலை ஏறுகிற பஸ் மாதிரி வளைந்து வளைந்து மேலே போயிற்று. பார்த்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சர்ச் வாசல், தண்ணீர்க் குழாய், பஸ் நிற்கிற இடம், எங்கே நாலு பேர் நின்றாலும் சொன்னேன்.

“பூமிக்குக் காய்ச்சல்னா கசாயம் வச்சுக் குடு. அதுக்கு முன்னாடி அந்த அரிசியைக் களைஞ்சு போடு” என்றாள் எங்கள் அம்மா.

பயந்தவன் என் அண்ணன் கஸ்பார் ஒருவன்தான். அவன் பயம் பூமிக்காக இல்லை, தெரசம்மாளுக்காக.

தெரசம்மாள் எங்கள் தெருவின் மேல்முனையில் இருக்கும் பவுல்ராஜ் மாமாவின் மூத்த மகள். மாமா ஒரு விடுதியில் பெரிய சமையல்காரர். அண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். இரண்டு வருஷமாக அந்த வேன் மாமா வீட்டு வாசலுக்கு நேராக வந்தால் மட்டும் ரிப்பேர் ஆனது. கடைசியில் மாமாவே வெளியே வந்து, “ஏலே, வண்டியைச் சரி பண்ணு, இல்லாட்டி வந்து பொண்ணு கேளு. ரெண்டுல ஒண்ணைச் செய்” என்றார். அண்ணன் பெண் கேட்டான். மாமாவும் சரி என்றார்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண்ணுக்குப் பூ வைத்து உறுதி செய்வோம் இல்லையா, அதற்கு அவர்கள் கடைப்பூ வாங்க மாட்டார்கள். கொல்லையில் நிற்கும் பேரி மரத்தின் பூவைத்தான் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பெண்ணின் தலையில் வைக்க வேண்டும். மாமா வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரே ஓர் அத்தைக்கு மட்டும் அவசரத்தில் திண்டுக்கல் மல்லிகை வைத்துவிட்டார்கள். அவள் புருஷன் வருஷம் திரும்புவதற்குள் பழனியில் கூடாரம் போட்ட சர்க்கஸ் பார்க்கப் போய், அப்படியே யானையோடு போய்விட்டான்.

பேரி, தை கடைசியில் பூக்கும். இந்த முறை மாசி பிறந்ததும் சாம்பல் புதன் வந்து, ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் தொடங்கிவிடுகிறது. தவக்காலத்தில் பூ வைக்கிற பேச்சே கிடையாது. ஆகவே அதற்குள் மரம் பூக்க வேண்டும்.

“பூக்கலைன்னா மரத்துக்குச் சம்மதம் இல்லைன்னு அர்த்தம்” என்று மாமா அண்ணனிடம் சொல்லிவிட்டார். “என் மச்சினன் திண்டுக்கல்லுல ஒரு வாத்தியார் மாப்பிள்ளை சொல்லிருக்கான். அவங்களுக்குக் கடைப்பூவே போதுமாம்.”

“கடைப்பூ வச்சா வாத்தியாரும் சர்க்கஸுக்குப் போயிர மாட்டாராப்பா?” என்று கேட்டாள் தெரசம்மாள்.

“வாத்தியாரை எந்த சர்க்கஸ்ல சேப்பாங்க. போய்ச் சோலியைப் பாரு.”

இதுதான் நிலைமை. மரத்தைப் போய்ப் பார்த்தேன். மற்ற வருஷங்களில் கிறிஸ்துமஸுக்கு முன்பே இலையெல்லாம் உதிர்த்துவிட்டு எலும்பாக நிற்கும். இப்போது பொங்கல் முடிந்தும் பச்சைப்பசேல் என்று, தூங்கப் போகச் சொன்னால் கேட்காத பிள்ளை மாதிரி நின்றது. தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். பேரி, ஆப்பிள் வகைகள் குளிர்காலத்தில் போதுமான குளிரை வாங்கினால்தான் விழித்து எழுந்து பூக்கும் என்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மாமா தினமும் வெள்ளனே எழுந்து பூசைக்குப் போய், அப்படியே வேலைக்குப் போய்விடுவார். அந்தத் தைரியத்தில் அண்ணனும் தெரசம்மாளும் மரத்தடியில்தான் நின்றார்கள். வாசித்துக் காட்டினேன்.

“அப்ப மரத்துக்குக் குளிர் வேணும்” என்றான் அண்ணன்.

“ஆமா.”

“குளிர் எங்க கெடைக்கும்?”

மலை உச்சியில் நின்றுகொண்டு மூன்று பேரும் யோசித்தோம்.

“வத்தலக்குண்டுல” என்றாள் தெரசம்மாள்.

அவள் சொன்னது சரி. மலைக்குக் கீழே வத்தலக்குண்டில், அந்த வெயிலில், மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனி இருக்கிறது. சாகுல் ஹமீது பாயின் மச்சான் முகைதீன் அங்கே ஐஸ் ஏற்றிக்கொண்டுதான் மேலே மீன் கொண்டுவருகிறார். பாயிடம் போய்க் கேட்டோம். அவர் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டார். சிரிக்கவில்லை.

“ஒரு மரத்துக்குக் குளுந்தா, பக்கத்துல நிக்கிற மனுசனுக்கும் கொஞ்சம் குளுராதா?” என்றார். “அப்படி நாலு பேருக்குக் குளுந்தா நாலு ஸ்வெட்டர் போகும். மச்சான்கிட்ட நான் சொல்லிர்றேன்.”

கொல்லன் தெருவில் ஊசி விற்றவர்கள் இருக்கலாம். கொடைக்கானலுக்குக் குளிர் ஏற்றிவந்தவர் முகைதீன் ஒருவர்தான். செக்போஸ்ட்டில் நிறுத்திக் கேட்டார்களாம்.

“மீனைக் காணோமே, ஐஸா கெடக்கு?”

“ஐஸ்தான்.”

“எதுக்கு?”

“அட்டுவம்பட்டியில ஒரு கலியாணம்.”

“ஜூஸ் போடவா?”

“இல்லங்க, மரத்துக்கு.”

இறங்கச் சொல்லி வாயை ஊதச் சொன்னார்களாம்.

முதல் நாள் ஐஸ் பாரை உடைத்து மரத்தின் அடியில் பரப்பினோம். தெரசம்மாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “குளிர் காலுல ஏறுமா அருளு?” என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், குளிர் காது வழியாகத்தான் உள்ளே போகிறது. செருப்பில்லாமல் நடப்பவன்கூட இங்கே மஃப்ளர் இல்லாமல் வெளியே வரமாட்டான். காலில் எவ்வளவு கொட்டினாலும் வீண்.

“அப்ப மரத்துக்குக் காது எது?” என்றான் அண்ணன்.

அரை நாள் இதைப் பற்றிச் சண்டை போட்டோம். கடைசியில் கிளை நுனியில் மூடிக்கிடக்கும் மொட்டுகள்தான் காது என்று முடிவாயிற்று. மறுநாளிலிருந்து ஐஸை உடைத்துச் சாக்கில் கட்டி, கிளை கிளையாகத் தொங்கவிட்டோம். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் பலாப்பழம் காய்த்தது போல இருந்தது. மாமா மதியம் வருவதற்குள் சாக்குகளை அவிழ்த்து ஒளித்துவிடுவோம். தெரசம்மாளின் அம்மா பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார். ஒரே தொல்லை, அது மீன் கிடந்த சாக்கு. தெருப் பூனைகள் எல்லாம் மரத்தடியில் வந்து, பூசைக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்து மேலே பார்த்தன.

ஒரு நாள் மாமா சீக்கிரம் வந்துவிட்டார். சாக்கை அவிழ்த்துவிட்டோம், ஆனால் புல்லில் ஐஸ் தூள் வெள்ளையாகக் கிடந்தது. மாமா அதைப் பார்த்தார். குனிந்து தொட்டார். கையை உதறினார். அப்படியே முழங்கால் போட்டுவிட்டார்.

“பனி விழுந்துருக்கு” என்றார். “ஊருல எங்கயும் விழல. நம்ம மரத்துக்கு மட்டும் விழுந்துருக்கு.”

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். தெரசம்மாள் என் காலை மிதித்தாள்.

“ஆமாப்பா” என்றாள். “காலையிலருந்தே விழுது.”

அதற்குப் பிறகு காரியம் எங்கள் கையில் இல்லை. மாமா போகிற இடமெல்லாம் சொன்னார். டூரிஸ்ட் கைடு ஞானவேல் காதுக்கு அது எட்டியது. பாவம், உறைபனி காட்டுகிறேன் என்று ஆட்களைக் கூட்டிவந்து காட்ட எதுவும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். மறுநாளே ஒரு பஸ் ஆட்களோடு வந்து இறங்கினார். கொல்லையில் மாமா ஒரு கயிறு கட்டிவிட்டார். அவர் விடிகாலைப் பூசைக்குப் போகிற நேரத்தில் நாங்கள் சாக்கைக் கட்டி அவிழ்த்து, புல்லிலும் ஐஸைத் தூவிவிடுவோம். ஜனங்கள் வரிசையில் வந்து புல்லைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சாகுல் ஹமீது பாய் வேலியோரம் ஒரு பெஞ்சைப் போட்டு ஸ்வெட்டர் அடுக்கினார்.

விருதுநகர்க்கார அம்மா ஒருவர் பனியை மோந்து பார்த்துவிட்டு, “என்னங்க, மீன் வாடை அடிக்கிது?” என்று கேட்டார்.

“மலைப் பனி அப்படித்தாங்க இருக்கும்” என்றார் மாமா. “கீழ இருக்கவங்களுக்குத் தெரியாது.”

புல்லில் கிடந்த ஒரு செதிலை அந்த அம்மா எடுத்துக் காட்டினார். மாமா அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, “இது பனியோட தோல்” என்றார். அந்த அம்மா அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, இரண்டு ஸ்வெட்டரும் வாங்கிப் போனார்.

இப்படியே தை கழிந்தது. இலைகள் கொஞ்சம் பழுத்து உதிர்ந்தன. சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் தெரசம்மாள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தெற்குக் கிளை ஒன்று பூத்திருந்தது. ஒரே ஒரு கிளை. வெள்ளை வெளேர் என்று. நாங்கள் அதிகமாகச் சாக்குத் தொங்கவிட்ட கிளை அதுதான். அண்ணன் மரத்தடியில் போய் நின்று, பூனைகளோடு பூனையாக மேலே பார்த்தான்.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பூ வைத்துவிடலாம் என்றார். பங்குச்சாமியையும் ஆசீர்வாதத்துக்குக் கூப்பிட்டார். ஞாயிறும் வந்தது. நாங்கள் தட்டோடு போனோம். தெரசம்மாள் மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் தங்கை நான் என்பதால் பூ வைக்க வேண்டியவள் நான். மாமா ஒரு கொத்தை ஒடித்து என்னிடம் நீட்டினார். நீட்டியவர், பாதியில் கையை மடக்கி மூக்குக்குக் கொண்டுபோனார்.

“என்னமோ கவுச்சி அடிக்கிது” என்றார்.

எல்லோரும் மோந்து பார்த்தோம். உண்மைதான், லேசாக மீன் வாடை அடித்தது.

“பேரிப் பூவுக்கு எப்பவுமே இந்த வாசம் இருக்குமோ என்னமோ” என்று அண்ணன் அவசரமாகச் சொன்னான். யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்தப் பூவை ஊரே பார்த்திருக்கிறது, தலையில் வைத்திருக்கிறது, ஒருவரும் மூக்குக்குக் கொண்டுபோனதில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் மீன் வண்டி வந்து நின்றது. பூத்தாகிவிட்டது, இனி ஐஸ் வேண்டாம் என்று முகைதீனிடம் சொல்ல மறந்துவிட்டோம். அவர் தோளில் சாக்கோடு உள்ளே வந்து, கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி, “மரத்துக்கு ஐஸ் இப்பவே கட்டிரவா, சாமி போனப்புறம் கட்டவா?” என்று கேட்டார்.

மாமா சாக்கைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். தெரசம்மாளைப் பார்த்தார். பிறகு மெதுவாக அந்தச் சாக்கில் கையை விட்டு, ஒரு துண்டு ஐஸை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். அது உருகி அவர் சட்டைக் கைக்குள் வழிந்தது.

“முழங்கால் போட்டேனே” என்றார்.

யோசனை என்னுடையது, பூமி, கோடு, குளிர், எல்லாவற்றையும் மளமளவென்று சொன்னேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

“இந்தப் பூ செல்லாது” என்றார். “மரத்தை ஏமாத்திச் சம்மதம் வாங்கிருக்கீங்க. நீங்களே சொல்லுங்க சாமி.”

பங்குச்சாமி கண்ணாடியைத் துடைத்தார். “ஏமாத்தி வாங்குன சம்மதம் செல்லாதுன்னு திருச்சபைச் சட்டத்துல இருக்கு பவுலு. ஆனா அது பொண்ணு மாப்பிள்ளைக்கு. மரத்தைப் பத்தி அதுல ஒரு வரியும் இல்ல.”

“மரத்தை யாருப்பா ஏமாத்துனா?” என்றாள் தெரசம்மாள். “உங்களைத்தான் ஏமாத்துனோம். அதுக்கு நான் கால்ல விழுகுறேன். மரத்துக்குக் கொடுத்தது நெசக் குளிர். வத்தலக்குண்டுல இருந்து வந்தா அது குளிர் இல்லாமப் போயிருமா?”

“வானத்துலருந்து வரணும்டி.”

“வரலையே. நான் என்ன செய்ய.”

சாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற முகைதீன் தொண்டையைச் செருமினார். “ஒண்ணு சொல்லலாமா மாமா. நேத்து பேத்துப்பாறையில மீன் போடப் போனேன். அங்க ஐஸும் இல்ல, ஒண்ணும் இல்ல, இதே மாதிரி ஒண்ணு ரெண்டு கிளை மட்டும் பேரி பூத்துக் கெடக்கு. பிளம்ஸுல ஒரே கொப்புல பூவும் காயும் ஒண்ணா நிக்கிது. தேனீயைக் கண்ணுல காணோம். தோட்டக்காரங்க யாரும் மீனே வாங்கல. மரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.”

பூனைகள் சாக்கைச் சுற்றின. மாமா, “அப்ப எல்லா மரமும் தானாவே ஏமாறுதா?” என்றார். அது கோபத்தில் கேட்ட கேள்வி இல்லை. “எது தை, எது மாசின்னு தெரியாம, கொழப்பத்துல பூத்துருக்கு. கொழப்பத்துல சொன்ன சம்மதத்தை நம்பி எப்படிப் பொண்ணு குடுக்குறது?”

அதுவரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற தெரசம்மாளின் அம்மா உபகாரம் அத்தை தட்டைக் கீழே வைத்தார்.

“எனக்குப் பூ வச்சன்னைக்கு நூத்தி ரெண்டு காய்ச்சல்” என்றார். “மாப்பிள்ளை நீங்களா உங்க தம்பியான்னே தெரியாது. தலையை ஆட்டுன்னாங்க, ஆட்டுனேன். இருபத்தி மூணு வருசமா சோறு ஆக்கிக்கிட்டுத்தான இருக்கேன்.”

“இதை நீ எங்கிட்டச் சொன்னதே இல்லையே.”

“நீங்க கேக்கலையே.”

பங்குச்சாமி இருமிக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பினார். தெரசம்மாள் எழுந்து அப்பாவின் கையிலிருந்து ஐஸை வாங்கித் தூரப் போட்டாள். இன்னொரு கையிலிருந்த பூவை எடுத்து என்னிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, “வெரசா வை புள்ள, உதிருது” என்றார்.

வைத்தேன். அண்ணன் அழுதான். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம்.

ஆனால் மாமா என்னை விடவில்லை. பஜாரில் பார்த்தாலும் சர்ச்சில் பார்த்தாலும் ஓரமாகக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்கிறார். அவருக்கு இளைய மகள் இருக்கிறாள், வரப்போகும் டிசம்பர் எப்படி இருக்குமோ என்கிற பயம் இருக்கிறது. என் இதழில் விடை இல்லை, தோட்டக்கலைப் புத்தகத்திலும் இல்லை. நாங்கள் சாக்குக் கட்டிய மற்ற கிளைகள் பூக்கவே இல்லை, சாக்கே பார்க்காத பேத்துப்பாறைக் கிளைகள் பூத்தன. நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டேன், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது: எங்கள் மரம் குளிர் கிடைத்துப் பூத்ததா, இல்லை குளிர் இனி வராது என்று பயந்துபோய்ப் பூத்ததா?